கட்டைவிரல் நகத்துக்குக் கீழே

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி பெரம்பலூரிலும் அரியலூரிலுமாகப் போயிற்று. வயிறு கிழிந்து வந்தவர்களையும், சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டு வந்தவர்களையும் தைத்து அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் எந்த அறுவைக்கு அதிகம் பயந்தேன் என்று கேட்டால், ஒரு மனிதரின் இடது கட்டைவிரல் நகத்தைத் தூக்கியதைத்தான் சொல்வேன். சிரிக்காதீர்கள். அறுவைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நாளைக்கே உங்கள் ஓ.பி.யில் ஒருவர் ஒற்றை விரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். கூட்டம் அலைமோதும். அவரைப் பார்த்து, "இதுக்கெல்லாமா வர்றது?" என்று கேட்கத் தோன்றும்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் இருந்தன. மார்கழிக் குளிர். நான் வார்டைச் சுற்றிவிட்டு வரும்போது அவசரப் பிரிவின் வாசலில் சத்தமாக இருந்தது. ஒரு பள்ளி வேன் சாலையை விட்டு இறங்கிக் கருவேலம் புதருக்குள் சாய்ந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சிறுமிக்கு மட்டும் உதடு கிழிந்து இரண்டு தையல். ஓட்டுநரைப் போலீஸ் கூட்டி வந்திருந்தது. குடித்திருக்கிறாரா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் சவரிமுத்து. ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டியிருப்பார், நல்ல ஆகிருதி, காக்கிச் சட்டை. பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பணியில் இருந்த டாக்டர் என்னிடம் ஒதுங்கி வந்து, "வாசனை இல்ல மேடம். ரத்தம் எடுத்தாச்சு. கேட்டா வெரல் வலிச்சுதுங்கறார். எனக்கென்னமோ நடிக்கிறாருன்னு தோணுது" என்றார்.

நான் போய் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"குடிக்கலீங்கம்மா. சத்தியமா குடிக்கல. முன்னாடி கல்லு லாரி திடீர்னு மெதுவாயிடுச்சு. கியரைக் கொறைக்கக் கையக் கொண்டாந்தேன். கட்டவெரலு முட்டிடுச்சுங்க. அவ்ளோதான். தோள் வரைக்கும் கரன்ட் அடிச்ச மாரி ஏறுச்சு. கண்ணு இருட்டிடுச்சு. எப்படியோ எடப்பக்கம் ஒடிச்சிட்டேன்."

"கட்டைவிரல்ல அடிபட்டிருக்கா?"

"இல்லீங்க. அது ரொம்ப நாளாவே அப்படித்தான்."

பின்னால் நின்ற சப் இன்ஸ்பெக்டர் ஒரு மாதிரி சிரித்தார். விரலைப் பார்த்தேன். வீக்கமில்லை, சிவப்பில்லை, சீழில்லை. நகம் கொஞ்சம் மேடு தட்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த விரலை அவர் எதிலும் படவிடவில்லை. டெட்டனஸ் தடுப்பூசி போட்ட இடத்தைத் துடைத்த ஸ்பிரிட் பஞ்சைச் சிஸ்டர் எடுத்துக்கொண்டு போகும்போது அது தெரியாமல் அவர் கட்டைவிரலில் உரசிவிட்டது. அந்த ஆள் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற பெற்றோர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அழுத்தியதற்குக் கத்தினால் புரிந்துகொள்ளலாம். ஈரப் பஞ்சு பட்டதற்கு எதற்காக இப்படிக் கத்த வேண்டும்? அங்கேதான் என் மனம் நின்றது. ஸ்பிரிட் குளிர்ச்சி. காலையும் குளிர்ச்சி.

அந்த நேரத்தில் உதடு கிழிந்த சிறுமியின் அப்பா உள்ளே வந்துவிட்டார். ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலை வேலை செய்கிறவர். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார், உடம்பெல்லாம் சாம்பல் தூசி.

"வெரலு வலியாம் வெரலு வலி! எம்புள்ள செத்துப்போயிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? இவன் பைத்தியமா இல்ல குடிகாரனா, ரெண்டுல ஒண்ணு எழுதுங்கம்மா."

"குடிக்கல" என்றேன். "வலி எதனாலன்னு பாக்கணும். அதுவரைக்கும் இவர் வண்டி ஓட்டமாட்டார். நான் சொல்ற வரைக்கும்."

"நீங்க சொன்னா ஓட்டுவானா? அப்ப நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆனா நீங்க பொறுப்பா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது உறைத்தது.

கூட்டம் கலைந்த பிறகு சவரிமுத்துவை என் அறைக்கு வரச் சொன்னேன். தகவல் தெரிந்து அவர் மனைவி மேரியும் வந்திருந்தார். விவரத்தை மேரிதான் சொன்னார். வலி பல வருடமாக இருக்கிறது. முதலில் நகச்சுத்து என்று ஓரிடத்தில் நகத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள். நகம் வளர்ந்ததும் வலியும் வந்துவிட்டது. அடுத்து கழுத்து எலும்புத் தேய்மானம் என்று கழுத்துப் பட்டை. அதற்குப் பிறகு ஒருவர், மனசுதான் காரணம் என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"பச்சத் தண்ணில கைய வெக்க மாட்டாருங்க. வூட்ல ஒரு சொம்பு தூக்க மாட்டாரு. எங்க மாமியா, ஆம்பளைக்கி என்ன அவ்ளோ சொகுசுன்னு ஏசுவாங்க" என்றார் மேரி. சவரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் விரல் நுனிகளில், முக்கியமாக நகத்துக்கு அடியில், மிகச் சிறிய ரத்தக்குழாய் முடிச்சுகள் இருக்கின்றன. சூடு குளிருக்கு ஏற்ப ரத்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைப்பது அவற்றின் வேலை. அபூர்வமாக அவற்றில் ஒன்று கட்டியாக வளரும். அதைக் குளோமஸ் கட்டி என்கிறோம். புற்றுநோய் இல்லை. பரவாது, உயிரை எடுக்காது. பெரும்பாலும் ஒரு கடுகைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். ஆனால் அது கொடுக்கும் வலி அதன் அளவுக்குச் சம்பந்தமே இல்லாதது. புத்தகத்தில் நீங்களும் படித்திருப்பீர்கள், நானும் படித்திருந்தேன். படித்ததோடு சரி. அதுவரை ஒரு நோயாளியிடம் நான் அதைப் பார்த்ததில்லை. பெண்களுக்குத்தான் அதிகம் வரும் என்று வேறு படித்திருந்ததால், எதிரே உட்கார்ந்திருந்த அந்தக் காக்கிச் சட்டையை அதனோடு பொருத்திப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மேஜையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தேன். முனையால் குத்துவதற்கு இல்லை. அதன் தலையால் மெல்லத் தொடுவதற்கு. அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நகத்தின் மேல் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டு வந்தேன். நுனியில் ஒன்றுமில்லை. ஓரத்தில் ஒன்றுமில்லை. நகத்தின் அடியில் வெள்ளையாகப் பிறை தெரியுமே, அதன் ஒரு பக்கத்தில் பட்டதும் கையை இழுத்துக்கொண்டார். சமாதானப்படுத்தி மறுபடியும் தொட்டேன். வேண்டுமென்றே வேறு விரல்களையும் தொட்டேன், வரிசையை மாற்றினேன். எப்படிச் சுற்றி வந்தாலும் அந்த ஒரே புள்ளியில்தான் கையை இழுத்தார். ஒரு மயிரிழை தள்ளித் தொட்டாலும் பேசாமல் இருந்தார். நடிக்கிறவரால் கண்ணை மூடிக்கொண்டு அப்படிச் செய்ய முடியுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அடுத்து அவர் கையை மேலே தூக்கி ரத்தத்தை வடியவிட்டு, மேல்கையில் பி.பி. பட்டையைச் சுற்றி நன்றாகக் காற்றடித்தேன். கைக்கு ரத்தம் போவது நின்றது. இப்போது அதே புள்ளியைக் குண்டூசித் தலையால் தொட்டேன். அவர் கையை இழுக்கவில்லை. அழுத்தினேன். அப்போதும் இழுக்கவில்லை. கண்ணைத் திறந்து விரலைப் பார்த்தார். தானே மேஜை விளிம்பில் அதை மெதுவாகத் தட்டிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் பலமாகத் தட்டினார்.

"வலி எங்க போச்சுங்கம்மா?" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டு மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பட்டையைத் தளர்த்தினேன். ரத்தம் இறங்கியதும் வலியும் திரும்ப வந்தது. அவர் மறுபடியும் குனிந்து சுருண்டுகொண்டார். இந்தச் சோதனையை நீங்களும் செய்வீர்கள். செய்யும்போது முன்னாலேயே சொல்லிவிடுங்கள், வலி திரும்பி வரும் என்று. போன வலி திரும்பும்போது மனிதருக்கு எவ்வளவு மனசு விட்டுப்போகும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

இத்தனையும் பொருந்தியதால் எனக்குள் ஒரு தெம்பு வந்திருந்தது. ஸ்கேன் அதைக் கலைத்துவிட்டது. திருச்சியில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வந்தார்கள். குறிப்பிடும்படி எதுவும் இல்லை என்று அறிக்கை. கட்டி அழுத்தினால் எலும்பில் விழும் பள்ளமும் எக்ஸ்ரேயில் தெரியவில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டருக்குப் போன் செய்தேன்.

"அவ்ளோ சின்னதா இருந்தா தப்பிப் போகலாம் மேடம். இருக்குன்னும் என்னால சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார். நேர்மையான பதில். ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

எங்கள் மருத்துவமனையில் எலும்பு டாக்டர் ஒருவர் எனக்கு நல்ல நண்பர். அவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "அக்கா, இது போலீஸ் கேஸ். ஸ்கேன்ல இல்லாத ஒண்ணுக்கு நீங்க கத்தி வெச்சு, உள்ள ஒண்ணும் இல்லன்னா என்ன ஆவும்? அந்தாளுக்கு உள்ளதும் போச்சும்பாங்க. நீங்க அவனுக்குச் சாதகமா கதை கட்டினீங்கம்பாங்க. நகத்தோட வேர் கெட்டுப்போனா நகமே கோணலாத்தான் மொளைக்கும். கொஞ்ச நாள் விட்டுப் பிடிங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. கையில் மூன்று அடையாளங்கள் இருந்தன: ஒற்றைப் புள்ளியில் வலி, குளிரில் கூடுவது, ரத்தத்தை நிறுத்தினால் மறைவது. அவற்றுக்கு எதிரே ஒரு ஸ்கேன் அறிக்கை. என் விரல்களையும் சவரிமுத்துவின் முகத்தையும் நம்பி ஒரு இயந்திரத்தை மறுப்பது, எவ்வளவு அனுபவம் இருந்தாலும், எளிதான வேலை இல்லை. விட்டுப் பிடிப்போம் என்றே முடிவு செய்தேன். மாத்திரை எழுதி, விரலுக்குக் கம்பளி உறை போட்டுக்கொள்ளச் சொல்லி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன்.

அந்த மாதம் முடியவில்லை. ஒரு காலை நேரத்தில் மேரி தனியாக வந்து நின்றார். ஓ.பி. வரிசையில் நிற்காமல் நேராக மேஜைக்கு வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"வெறகு வெட்டற கட்டைல வெரல வெச்சிட்டு, அருவாளத் தூக்கிட்டாருங்கம்மா. நான் கோழிக்குத் தீனி போட வந்தவ, பாத்துட்டேன். கையப் புடிச்சிட்டுக் கத்துனதுல அக்கம்பக்கம் ஓடியாந்துட்டாங்க. இனிமே நான் எங்கயும் வெளிய போவ முடியாது. வூட்ல இருக்கற அருவா, கத்தி எல்லாத்தயும் எங்க அண்ணன் வூட்ல கொண்டுபோய்ப் போட்டிருக்கேன்."

சவரிமுத்து வெளியே வேப்பமரத்தடியில் மச்சானோடு நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டேன். வந்தவர் உட்காரவில்லை.

"நீங்களே எடுத்துடுங்கம்மா. நுனிய மட்டும். நீங்க எடுத்தா சுத்தமா எடுப்பீங்க. நானா வெட்டுனா புழுத்துப்போவும்."

"கட்டைவிரல் இல்லாம வண்டி ஓட்டுவீங்களா?"

"இருந்து மட்டும் என்னத்த ஓட்டறேன்?"

வெட்டுவது எளிது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நுனியை எடுத்துவிட்டால் கட்டியும் அதோடு போய்விடும், இருந்தால். யாரும் குறை சொல்லப் போவதில்லை. நோயாளியே கேட்கிறார், கையெழுத்தும் போடுவார். ஆனால் கட்டைவிரல் நுனி போனால் கையின் பிடி பாதி போயிற்று. உள்ளே ஒரு தானிய மணிதான் இருக்கிறது என்று நான் சந்தேகிக்கும்போது விரலை எடுக்க என்னால் முடியாது. திறக்காமல் இன்னும் ஒரு மாதம் விடவும் முடியாது. விட்டுப் பிடிப்பது என்பது அது வரைக்கும் பத்திரமான வழியாக இருந்தது. மேரி வந்து நின்ற நிமிடத்திலிருந்து அப்படி இல்லை. நோய் அதேதான், ஸ்கேன் அதேதான். ஆனால் காத்திருப்பதால் வரும் ஆபத்து மாறிவிட்டது. அதைக் கணக்கில் எடுக்காமல் பழைய முடிவையே பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

இருவரையும் உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். "உள்ள ஒரு கட்டி இருக்கும்னு நெனக்கிறேன். ஸ்கேன்ல தெரியல. தொறந்து பாத்தா இல்லாமயும் போகலாம். இருந்து எடுத்தாலும் மறுபடி வர வாய்ப்பிருக்கு. நகம் கோணலா மொளைக்கலாம். இத்தனையும் தெரிஞ்சு சம்மதம்னா செய்யறேன்."

"இல்லன்னா?" என்றார் மேரி.

"இல்லன்னா, இல்லன்னு தெரிஞ்சுக்குவோம். அப்பறம் வேற வழி தேடுவோம். ஆனா அதுவரைக்கும் அருவாளத் தொடக் கூடாது. அத மட்டும் எனக்கு வாக்குக் குடுங்க."

சவரிமுத்து தலையை ஆட்டினார்.

எலும்பு டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் படத்தை மறுபடியும் வாங்கிப் பார்த்தார். பிறகு, "சரிக்கா, நானும் கூட நிக்கிறேன்" என்றார். எதிர்த்து வாதாடியவர் கூட நிற்பதுபோல ஒரு துணை கிடையாது. அறுவை அன்று நான் நிதானமாகக் கத்தியை எடுத்ததற்குப் பாதிக் காரணம் அவர்தான்.

அறுவையில் விரலை மட்டும்தான் மரத்துப்போகச் செய்யப்போகிறோம், ஆள் விழித்திருப்பார். மரத்துவிட்டால் வலியை வைத்து இடம் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஊசி போடுவதற்கு முன்பே குண்டூசித் தலையால் புள்ளியைத் தேடி, நகத்தின் மேல் மையால் குறித்துக்கொண்டேன். இதில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டதாக நினைப்பு வேறு. நகத்தை மெல்லப் பெயர்த்து எடுத்து ஈரத் துணியில் வைத்த பிறகுதான் புரிந்தது, என் குறியும் நகத்தோடு போய்விட்டது என்று.

கீழே இருந்த சதை வெளிறிப்போய்ச் சுத்தமாக இருந்தது. ரத்தம் வராமல் இருக்க விரலின் அடியில் கட்டுப் போட்டிருந்தோம். ரத்தமில்லாத இடத்தில் ரத்தக்குழாய்க் கட்டியின் நிறம் எப்படித் தெரியும்? நீலமாக ஏதாவது கண்ணில் படுமா என்று தேடினேன். இல்லை. கருவியின் முனையால் தடவினேன். மேடு எதுவும் தட்டுப்படவில்லை. எலும்பு டாக்டர் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார். அவரும் குனிந்தார். அவர் கண்ணிலும் எதுவும் படவில்லை.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "கெடச்சுதாங்கம்மா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். மனசு இரண்டு பக்கமும் இழுக்கும். ஒன்று, மூடிவிடலாம், இல்லை என்று சொல்லிவிடலாம். மற்றொன்று, கண்ட இடத்தில் எல்லாம் கீறிப் பார்த்துவிடலாம். இரண்டுமே பதற்றம் சொல்லும் யோசனைகள். நான் கருவியைக் கீழே வைத்தேன். கையை எடுத்துவிட்டு மூச்சை விட்டேன். நாம் எங்கே தேடிக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டேன். நடுவில் தேடிக்கொண்டிருந்தோம். நகம் போனதும் எங்கள் கண் தானாகவே நடுவுக்குப் போய்விட்டது. வலி நடுவில் இல்லையே.

ஈரத் துணியிலிருந்து நகத்தை எடுத்து, இருந்த இடத்திலேயே மறுபடியும் பொருத்திவைத்தேன். மைக்குறி பிறையின் ஓரத்துக்கு வந்தது. அதன் வழியாக ஒரு மெல்லிய ஊசியைக் கீழ்ச்சதைக்குள் இறக்கி, ஊசியை அப்படியே நிறுத்திவிட்டு நகத்தை எடுத்தேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அது நன்றாகவே தள்ளி, நகத்தின் வேரை ஒட்டி நின்றது. அங்கே சின்னதாகக் கீறினேன். வெறும் சதை. இன்னும் கொஞ்சம் ஆழம், எலும்பை ஒட்டி. அதற்கு மேல் போக இடமில்லை என்ற நிலையில், கீறலின் உதடுகளுக்கு நடுவே சாம்பலும் இளஞ்சிவப்புமாக ஒன்று தானாகவே பிதுங்கியது. ஒரு கம்பு மணி அளவு. மேலே மெல்லிய உறை. கிள்ளாமல், உடைக்காமல், முழுதாக எடுத்தோம்.

எலும்பு டாக்டர் முகக்கவசத்துக்குள் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

"கெடச்சுதாங்கம்மா?" மறுபடியும் கேட்டார் சவரிமுத்து.

துணியில் வைத்துக் காட்டினேன். அவர் தலையைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "இதுக்காங்க நான் வெரல வெட்டப் பாத்தேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் அதுதான் இல்லை. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். எவ்வளவு சிறியதானாலும், எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும் அனுப்பிவிடுங்கள். உதாரணத்துக்கு, கர்ப்பிணிப் பெண்களின் விரலில் முள் குத்திய இடத்தில் சிவப்பாக ஒரு சதை முளைத்து, தொட்டாலே ரத்தம் கொட்டும். பெரும்பாலும் அதுவும் தீங்கில்லாத ரத்தக்குழாய்ச் சதைதான். ஆனால் அதே உருவத்தில் புற்றும் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். சோதனைச்சாலைதான் பிரித்துச் சொல்ல முடியும். எனவே அறிக்கை வரும்வரை சவரிமுத்துவிடம் "ஒண்ணுமில்ல" என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. மேரி பலமுறை கேட்டும் சொல்லவில்லை.

தையல் பிரிக்க வந்தவர், வலி அப்படியேதான் இருக்கிறது என்றார்.

 ஒரே விரலில் இரண்டு கட்டி இருப்பதுண்டு. மிச்சம் வைத்துவிட்டோமா? தவறான ஒன்றை எடுத்துவிட்டோமா? மேரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் அருவாள் தெரிந்தது. முகத்தை மாற்றிக்கொள்ளாமல் குண்டூசியை எடுத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். இப்போது எங்கே தொட்டாலும் வலித்தது. ஆனால் எங்கேயும் கையை இழுக்கவில்லை. முன்பு ஒரு புள்ளியில் துடித்தவர் இப்போது விரல் முழுக்க முகம் சுளித்தார். இது காயத்தின் வலி. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, உறுதியாகத் தெரியாது.

"இது புண்ணு ஆர்ற வலி. போகப் போகக் கொறையும். கொறையலன்னா நாம மறுபடி பாப்போம். வாரா வாரம் வந்து காட்டணும்" என்றேன். வாரா வாரம் வரச் சொன்னது விரலுக்காக மட்டும் இல்லை. ஆள் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

அறிக்கை வந்தது. குளோமஸ் கட்டி, தீங்கற்றது. அதற்கு அடுத்த வாரம் மேரி ஓ.பி. வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "நேத்து வாளித் தண்ணில கைய உட்டுத் துணி அலசுனாருங்க. நான் ஒண்ணும் சொல்லல, பாத்துக்கிட்டே நின்னேன்." சவரிமுத்து வெட்கப்பட்டுச் சிரித்தார்.

ஆனால் நான் சொல்லியாக வேண்டிய ஒன்று இன்னும் மிச்சம் இருந்தது. ரத்தத்தில் மது இல்லை என்று அறிக்கை வந்து போலீஸ் விஷயமும் முடிந்திருந்ததால், பள்ளியில் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். ஓட்டத் தகுதியானவர் என்று நான் எழுதித் தர வேண்டும். அவருக்கு வலி இல்லை, பிடி நன்றாக இருக்கிறது, புது நகம் முளைக்கத் தொடங்கிவிட்டது. ஒரு சிறு பள்ளம்தான் மிச்சம். எழுதித் தருவதற்கு எந்தத் தடையும் இல்லை. பேனாவை எடுத்தால் மட்டும் அந்தச் சாம்பல் தூசி படிந்த முகம் வந்து நின்றது. "நீங்க பொறுப்பா?"

கடைசியில் சவரிமுத்துவிடம் கேட்டேன்: "வேனை எடுத்துட்டு வர முடியுமா? புள்ளைங்க இல்லாம. நான் முன்னாடி ஒக்காந்து வரேன்."

அவர் மறுக்கவில்லை. பள்ளியில் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். ஜெயங்கொண்டம் சாலையில் போனோம். முந்திரிக் காடு இரண்டு பக்கமும் ஓடியது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கண்ணாடியை இறக்கிவிடச் சொன்னேன். குளிர்காற்று நேராக அவர் கையில் அடித்தது. நான் சாலையைப் பார்க்கவே இல்லை. அவர் இடது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வந்தேன். எதிரே லாரிகள் வரும் இரைச்சல் கேட்டபடி இருந்தது. ஒவ்வொரு முறையும் கை கியருக்குப் போகும்போது என் கால் தானாகத் தரையை அழுத்தியது. விரல் கியர் குமிழில் பட்டது, அழுத்தியது, விலகியது. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

ஊர் எல்லை வந்து திரும்பும்போது அவர் கேட்டார்: "ஒண்ணு கேக்கலாங்களா? மொத நாளு, போலீஸ்காரங்க கூட்டியாந்தப்ப, நான் சொன்னத நீங்க நம்புனீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். நல்ல மனிதர், சந்தோஷப்பட்டிருப்பார்.

"இல்ல" என்றேன். "நம்பவும் இல்ல, நம்பாமயும் இல்ல. பாத்துடுவோம்னு நெனச்சேன்."

அவர் கியரை மாற்றி, சாலையையே பார்த்து ஓட்டினார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

"அதுவும் நல்லதுக்குத்தாங்க" என்றார். "என்ன நம்புனவங்க எல்லாரும் தைலத்தத் தேச்சுவுட்டு அனுப்பிட்டாங்க."

அன்று மதியமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை பள்ளிப் பிள்ளைகள் போகும் நேரத்தில் வார்டில் இருந்தேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பிரார்த்தனை மணி அடித்து வகுப்புகள் தொடங்கியிருக்கும் என்று தெரிந்த பிறகும் வைத்திருந்தேன். போன் அடிக்கவில்லை. அதன் பிறகுதான் பையில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.